சிவப்புப் பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபயர்

உண்மையைச் சொன்னாலும் இழந்தது திரும்பி வராது. சொல்லாவிட்டால் முகம் தெரியாத வேறொருவர் நாளை ஏமாறக்கூடும். அப்படியென்றால் எதைச் செய்வது? நான் சமூகப் பணி படித்தவள். இதுபோன்ற கேள்விகளுக்குத் தேர்வில் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். ஜீவனஹள்ளியில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில், அப்போதுதான் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் ஒன்றுகூட எனக்குக் கைகொடுக்கவில்லை.

சித்தப்பாவின் ஒரே மகன், என் தம்பி, மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம், பிறந்தநாள், டிசம்பர் வந்தால் கேரல் பவனி என்று பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கச் சுற்றுவான். சித்தி தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். மெல்லிய குரல், உச்சத்துக்குப் போனால் சற்றே கீச்சிடும். அவர் மைக்குக்கு ஒலியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அடையாளமாக, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகின் ஓரத்தில் தம்பி ஒரு பொட்டு வைத்திருந்தான். சித்தியின் நகப்பூச்சை எடுத்துத்தான் வைத்தான். "இத்தான்டா எங்கம்மா லிமிட்டு. இத்த தாண்டுனா பாஸ்டரே காத பொத்திக்குவாரு" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்வான். சித்தி கேட்டுவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து வண்டியில் திரும்பும் வழியில், விபத்தில் அவன் இறந்துபோனான். அடக்கத்துக்குப் பிறகு சித்தியைத் தங்கவயலில் அவருடைய அக்கா வீட்டில் கொஞ்ச நாள் தங்கவைத்தோம். கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற கறுப்புப் பெட்டிகளோடு தனியாக இருக்க சித்தப்பாவால் முடியவில்லை. பழைய சாமான் வாங்குபவர் ஒருவரை அழைத்து எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். திரும்பி வந்த சித்தி வெறும் சுவரைப் பார்த்தார். அழவில்லை. "அந்த ஆம்பும் போயிடுச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா அந்தக் கேள்வியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

வாங்கிப் போனவர் அதை யாருக்கோ கைமாற்றியிருந்தார். இணையத்தில் பழைய கருவிகள் ஏலத்துக்கு வருகின்றன என்று யாரோ சொல்ல, பணிமனை வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த சித்தப்பா கைப்பேசியும் கையுமாக மாறினார். அதே கம்பெனியின் அதே மாடல் எங்கே வந்தாலும், எல்லோரும் படிக்கும் கேள்விப் பகுதியில் ஒரே கேள்வியைப் போடுவார்: மூன்றாவது திருகுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருக்கிறதா? மாதக்கணக்கில் இல்லை என்றே பதில் வந்தது. ஒருநாள் ஒருவர், இருக்கிறது என்று படத்தோடு எழுதினார்.

அன்று நானும் அவர் அருகில் இருந்தேன். சித்தப்பா ஒரு விலை கேட்பார். மறுகணமே யாரோ அதற்குமேல் சிறிது ஏற்றிக் கேட்பார். விற்பவரே ஆள் வைத்து ஏற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது. "சித்தப்பா, புதுசே இதவிடக் கம்மி" என்றேன்.

"புதுசுல அவன் கை பட்டுருக்காது பாப்பா" என்றார். பிறகு திரையைப் பார்த்தபடி, "இவனும் உடமாட்டேன்றான். அவன் வூட்லயும் ஒரு புள்ள போயிருக்குமோ இன்னாவோ" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத்தான், மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு, இன்னும் ஏற்றினார். ஏலம் அவருக்கே முடிந்தது.

பெட்டி வந்த அன்று சித்தப்பா புடவைக் கடைக்காரரைப் போலக் கவனமாகப் பிரித்தார். பொட்டு இருந்தது, அவர் எழுதிக் கேட்ட அதே இடத்தில், அவர் எழுதிக் கேட்ட அதே நிறத்தில், நேற்று வைத்ததுபோலப் பளபளவென்று. "பாரும்மே. அதானே?"

சித்தி குனிந்து, விரல் நுனியால் அதைத் தொட்டார். "ஆமாங்க. அவன் வச்சதுதான்."

சித்தப்பா பக்கத்து வீட்டாரை அழைத்துவர ஓடினார். சித்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "நான் என்னிக்குடி செவப்பு போட்டேன்? வெளிர் ரோஸு. போட்டிருக்கறதே தெரியாது. அவருக்கு எங்க அதெல்லாம் நெனப்பு இருக்கப்போவுது? நீ வாயத் தொறக்காத."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒருவரின் கேள்வியைப் படித்துவிட்டு, நகப்பூச்சு வாங்கி, உட்கார்ந்து ஒரு பொட்டு வைத்தவரை எப்படி விட்டுவிடுவது? ஏல நிறுவனத்துக்குப் புகார் எழுதுவதற்காக, அன்று மாலையே சித்தப்பாவின் கைப்பேசியை வாங்கிப் பழைய கேள்வி பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடுவில், பல மாதங்களுக்கு முன்னால், ஒரு பதில் கிடந்தது: "சிவப்பு எதுவும் இல்லை சார். லைட்டா ரோஸ் கலர்ல ஒரு கறை இருக்கு, துடைச்சா போயிடும்." சித்தப்பா நன்றி சொல்லி அங்கிருந்து நகர்ந்திருந்தார். அது மிக மலிவான விலையில் வேறு யாருக்கோ போயிருந்தது. இந்நேரம் துடைத்திருப்பார்கள்.

கூடத்தில் சித்தப்பா அண்டை வீட்டாரிடம் தம்பியின் அந்த 'லிமிட்டு' நகைச்சுவையை, அவன் குரலிலேயே, சொல்லிக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல் சிரித்தார். பொய் சொன்னவருக்குப் பணம் கிடைத்தது. உண்மை சொன்னவருக்கு ஒரு நன்றி. புகார் எழுதினால் விசாரிப்பார்கள், பொட்டு பொய் என்பதும் அவன் வைத்தது ரோஸ் என்பதும் சித்தப்பாவுக்குத் தெரியவரும். பிறகு அவரும் அந்தப் பழைய பதிலை மறுபடி தேடிப் படிப்பார். அந்த ஒரு வரியை அவர் கண்ணில் படாமல் வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

புகார் போகவில்லை. அந்த விற்பனையாளர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். தேடியது கிடைத்துவிட்டது என்ற நிறைவில் சித்தப்பா ஏலங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் கண்டதைச் சித்தியிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிடும் வழக்கம் எனக்கு இருந்தது. இப்போது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டுமே போகிறேன்.