அஃபனாசி வீட்டுப் பனிக்கட்டி

தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் அஃபனாசி மூக்கைச் சுளிப்பார். "நாணல் வாடை அடிக்குது. தெரேந்தி அறுத்த கட்டிதானே இது?" யார் வீட்டில், யார் அறுத்த கட்டியானாலும் இதே கேள்விதான். கேட்டுவிட்டு, கோப்பையைக் காலி செய்து இன்னொன்றும் வாங்கிக் குடிப்பார்.

லேனா ஆற்றங்கரையில் குளிர்காலக் குடிநீர் என்றால் பனிக்கட்டிதான். ஆறு உறைந்து ஒரு முழம் தடித்ததும் ஆளாளுக்கு ரம்பத்தோடு இறங்கி அறுத்து வந்து வாசலில் அடுக்கிவிடுவார்கள். அஃபனாசி அறுப்பது ஆறு குறுகும் இடத்தில். அவர் அப்பா அறுத்த இடம். மிதந்து வரும் கூழ்ப்பனி அங்கே முட்டி மோதி உறைவதால் கட்டி வெளுத்துக் கலங்கியிருக்கும். உருக்கினால் அடியில் மணல் தங்கும். அடுத்த வீட்டுத் தெரேந்தி அறுப்பதோ ஓட்டமில்லாத வளைவில். அவன் வாசலில் நிற்கும் கட்டிகளின் வழியே பின்னாலிருக்கும் வேலிக் கம்புகளை எண்ணிவிடலாம். அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் அஃபனாசிக்கு வயிறு எரியும்.

"ஆத்த அவனுக்குப் பட்டா போட்டா குடுத்திருக்கு? நீங்களும் அங்கயே அறுக்கலாமே" என்று யாராவது சொன்னால் போதும்.

"அவன் பக்கத்துல நின்னு ரம்பம் இழுக்கறதுக்கு நான் சேத்துத் தண்ணியே குடிச்சுக்கறேன்!"

இந்தக் குளிரில் அவர் மனைவி மார்ஃபா காய்ச்சலில் படுத்தாள். அவர் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தாள். தெரேந்தியின் பெண்டாட்டி குடுவையில் கொண்டுவந்ததை மட்டும் சொட்டு விடாமல் குடித்தாள்.

"என்னோடதுல என்னடி குறை?"

"மண்ணு கரகரங்குதுங்க. அவங்க வீட்டுது என்னமா தித்திக்குது!"

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அடுத்த வீட்டுக்காரன் பொருளைப் புகழ்ந்து அவர் கேட்டதில்லை. துணியில் வடிகட்டிக் கொடுத்துப் பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் எதுவுமே குடிக்கவில்லை; உதடுகள் வெடித்திருந்தன.

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு ஓடினார். காலம் கடந்துவிட்டது. வெண்பனியின் பாரத்தில் ஆறு அமுங்கி, விரிசல் வழியே நீர் பொங்கி, பனியோடு கலந்து உறைந்து, அங்கும் மேலெல்லாம் வெள்ளைக் கலங்கல். தெளிந்த கட்டி ஊரில் ஒரு வாசலில்தான் மிச்சமிருந்தது.

அந்த வாசலில் வெறும் சாக்கோடு போய் நின்றார். தெரேந்தி கோடரியோடு வெளியே வந்தான்.

"என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?"

அஃபனாசி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.