மாமாவுக்கு வந்த கொடி

சுனாமி வந்த காலையில் மாமா மீன் வாங்க எங்கள் தீவின் ஹட் பே ஜெட்டிக்குப் போயிருந்தார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பாமாயில் தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர். மறு வருடம், அவரோடு பட்டாளத்தில் இருந்த சிலர் மெயின்லேண்டிலிருந்து வந்து, மடித்த தேசியக் கொடி ஒன்றை அத்தையிடம் இரண்டு கையாலும் நீட்டினார்கள். இறந்த வீரரின் உடல்மேல் போர்த்துகிற கொடி. அத்தை அதை வாங்கிக்கொண்டு, "அவரு வந்ததும் குடுத்துர்றேங்க" என்றாள். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எனக்கு அது சாதாரணமாகவே பட்டது. ஏதோ ஒரு கப்பல் மாமாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, நினைவு திரும்பியதும் வந்துவிடுவார் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லித் திரிந்தேன். அத்தை பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கொடி எங்கள் வீட்டில் அவளுடைய தகரப் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒருமுறை அதைத் தொட்டதற்கு என் புறங்கையில் அகப்பைக் காம்பால் அடி விழுந்தது.

எனக்குப் பத்து வயதானபோது, எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருந்த, பட்டாளத்தில் ஓய்வு பெற்ற வங்காளி சுபேதார் இறந்துபோனார். மாமாவின் கூட்டாளி, மாமாவைத் தேடிப் பதினோரு நாள் கரையோரமாக நடந்தவர். ராணுவ மரியாதை செய்ய ஆட்களும் கொடியும் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். கடல் கொந்தளித்ததில் கப்பல் ரத்தாகிவிட்டது. அதற்குமேல் உடலை வைத்திருக்க முடியாது. கொடி இல்லாமலே எடுத்துவிடலாம் என்று அப்பாவும் மற்றவர்களும் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை எழுந்து எங்கள் வீட்டுக்குள் போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தேன். "அத்தை, மாமா வந்து கேட்டா?"

"கேட்டா நா சொல்லிக்கிறேன். விடு."

காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும் என்று பழைய சிப்பாய் ஒருவர் சொன்னார். அத்தையே விரித்தாள். கால்மாட்டில் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தவள், அப்படியே அந்தக் கால்கள்மேல் விழுந்தாள்.

"ஏங்க, இத்தன நாளா எங்கங்க கெடந்தீங்க?"

வேற்று ஆணின் காலைக் கட்டிக்கொண்டு, தாலி கட்டியவரைக் கூப்பிடுவதுபோல அத்தை கூப்பிடுகிறாள். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா போய் அவளை இழுத்தாள். அப்போது சுபேதாரின் மனைவி எழுந்து வந்து அம்மாவின் கையை விலக்கிவிட்டு, "ரோனே தோ" என்றாள். அழட்டும், விடு. பிறகு அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதார்கள்.

தீ வைக்குமுன் கொடியை எடுத்து, மடித்து, சுபேதாரின் மனைவிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் அவள் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அது உங்களுடையது என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு வாரம் நான் அத்தையோடு பேசவில்லை. மாமாவின் கொடியை யாருக்கோ கொடுத்துவிட்டாள், போதாததற்கு ஊர் முன்னால் எங்கள் மானத்தையும் வாங்கிவிட்டாள். மாமா வந்ததும் இரண்டையும் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். மாமாவுக்கும் அன்றைக்குத்தான் இழவு நடந்தது என்பது, அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.