பந்தை எடுக்க ஓடிய அண்ணன்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பதுளையில் நடந்த லீக் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். நாங்கள் மூன்று தோழிகள். நில அளவைப் பயிற்சியை ஒன்றாக முடித்தவர்கள். ஒருத்தி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருப்பவள். மற்றவளின் வீட்டார் பதுளை கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களை மூவருமே அதுவரை நேரில் பார்த்ததில்லை.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். குடை, தண்ணீர்ப் போத்தல், தின்ன மீன் பணிஸ், டிக்கெட், வீடு திரும்பும் பஸ்ஸின் நேரம் என்று போனில் குறித்து வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பட்டியலில் இல்லாத ஒன்றைத் தோட்டத்துத் தோழி மைதானத்து வாசலில் வைத்துத்தான் சொன்னாள்.

அவளுடைய அண்ணன் கொழும்பு அணியில் இருந்தார். நாங்கள் வந்ததே அவருக்காகத்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க அவரை ஒருமுறைகூட மைதானத்தில் இறக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

"இன்னிக்குக் கொஞ்ச நேரம் எறக்கிப் பாப்பாங்களாம். சரியா ஆடலைன்னா அடுத்த மாசத்துலேர்ந்து வர வேணாம்னுட்டாங்களாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாதுடி" என்றாள்.

பாதி தின்ற பணிஸை மூவரும் திரும்பப் பைக்குள் வைத்தோம்.

உள்ளே போனதும் எனக்கு எல்லாமே புதிதாக இருந்தது. டிவியில் பந்தின் சத்தம் இப்படிக் கேட்காது. நெஞ்சில் வந்து விழுகிற மாதிரி ஒரு 'தொம்'. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவது, பூட்ஸ் புல்லைக் கிழிப்பது எல்லாம் கேட்டது. முதல் பாதியில் கொழும்பு அணி ஒரு கோல் போட்டதும் நான் எழுந்து கத்தினேன். அலுவலகத்தில் யாரும் என் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"பெஞ்சில ஒக்காந்திருக்கவங்களுக்கும் ஜெர்சி குடுப்பாங்களா?" என்று கடைவீதித் தோழி கேட்டாள்.

"வாய மூடுடி. கண்ணு வைக்காத" என்று அவர் தங்கை அதட்டினாள்.

ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும். ஆள் மாற்றும் பலகையை உயர்த்தினார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "நீயே பாரு, என்ன நம்பரு?" என்றாள்.

"இருபத்திரண்டு" என்றேன். அண்ணனின் எண் அதுதான்.

அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அண்ணனைத் தடுப்பாட்டத்தில், நாங்கள் இருந்த பக்கத்து ஓரத்தில்தான் நிறுத்தினார்கள். பத்து நிமிடம் நன்றாக ஆடினார். பிறகு எதிரணி வீரர்கள் இருவர் ஒன்றாக அவர்மேல் பாய்ந்து வந்தார்கள். பயிற்சியாளர் கையை வீசிக் கத்தினார். அண்ணன் பந்தை ஓங்கி வெளியே அடித்தார். சரியான முடிவுதான். கூட்டமும் கைதட்டியது.

அடித்த கையோடு, எல்லைக் கோட்டைத் தாண்டி, விளம்பரப் பலகையையும் தாண்டி, பந்தை எடுக்க அவரே ஓடினார்.

மைதானத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. எங்கள் இருவருக்கு மட்டும் புரிந்தது. எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். அதன் ஒரு பக்கம் சரிவு. பந்து போனால் தேயிலைக்குள் உருண்டு கீழ் ரோடு வரைக்கும் போய்விடும். அதனால் அங்கே ஒரே சட்டம்: அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து அப்படியே ஆடியவர் அவர். அந்தப் பதற்றத்தில் மூளையைக் கேட்காமலே கால் போய்விட்டது.

"எங்க போறீங்க? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு தம்பி!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எங்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அண்ணே! பந்த விடுண்ணே! திரும்பி ஓடு!"

தங்கையின் குரல் கேட்டுக் கையை விலக்கினேன். கோட்டருகே நின்ற உதவியாளர் எதிரணிக்கு வேறொரு பந்தைக் கொடுத்துவிட்டார். அவர்கள் அதை உடனே எறிந்து, அண்ணன் விட்டுப்போன காலி இடத்தின் வழியே ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணனோ அதற்குள் பாதித் தூரம் திரும்பி ஓடியிருந்தார். தலையை முன்னால் நீட்டி, முழங்காலை உயர்த்தி, செங்குத்தான மேட்டில் ஏறுகிறவரைப் போன்ற ஓட்டம். சமதரையில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததேயில்லை.

எதிரணி வீரர் உதைத்தார். பந்து கோல்காப்பாளரின் கையில் பட்டுத் தெறித்து, மெதுவாகக் கோலுக்குள் உருளப் போனது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அண்ணன் சறுக்கி விழுந்து அதை வெளியே தள்ளினார்.

சற்றுமுன் சிரித்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். "இருபத்திரண்டு! இருபத்திரண்டு!" என்று கத்தினார்கள். பஸ் ஜோக் அடித்தவர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார். தங்கை அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியத்தில் முடிந்தது.

முடிந்ததும் வேலியருகே போய் நின்றோம். அண்ணன் சேறும் புல்லுமாக வந்தார். தங்கைக்குக் கேட்கவே பயம். கடைவீதித் தோழிதான் கேட்டாள்: "அண்ணே, என்ன சொன்னாங்க?"

"முதல்ல கோச் நல்லா ஏசுனாரு. என் வாழ்க்கையில இப்பிடி ஒரு முட்டாள்தனத்தப் பாத்ததில்லன்னாரு." ஜெர்சியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "அப்புறம், திங்கக்கிழம பிராக்டிஸுக்கு வந்துரு, பந்து எடுக்க எங்ககிட்ட வேற ஆளு இருக்குன்னாரு" என்றார்.

தங்கை வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

அளவை வேலையில் எப்போதாவது ஓர் எண்ணைத் தவறாகக் குறித்துவிட்டேன் என்று தெரியவரும்போது, இன்றும் எனக்கு முதலில் முகத்தை மூடிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் கையை விலக்குவதற்குள் பாதித் தூரம் திரும்பி ஓடியிருந்த அந்த மனிதர் நினைவுக்கு வந்ததும், வெட்கப்படுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறேன்.