அக்காவின் தோளுக்கு வராத துப்பாக்கி

கன்னத்தில் ஒட்டும் புது வார்னிஷின் பிசுபிசுப்பு, தையல் மெஷின் எண்ணெயின் வாசனை, மரக்கட்டையின் அடிப்பாகம் கக்கத்துக்குள் போய் இடிக்கும் வலி: இந்த மூன்றும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அந்தக் கட்டை வந்து உட்கார வேண்டிய இடம் தோள், பிள்ளைகளே, கக்கம் இல்லை. அது தோளுக்கு வராமல் போன கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். எனக்குப் பத்து வயது, ரெஜினா அக்காவுக்குப் பதிமூன்று நடந்துகொண்டிருந்த கோடை விடுமுறையில், ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். நானும் அக்காவும் போனோம். எனக்கு அட்டையில் குண்டு பட்டாலே பெரிய விஷயம். அக்காவுக்கோ நடுவிலிருந்த கறுப்பு வட்டத்தை விட்டு வெளியே போகாது. பயிற்சி முடிந்த அன்று, சொல்லிக்கொடுத்த சார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பொண்ணுக்குக் கை ஆடவே இல்லைங்க. அடுத்த மாசம் ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கறோம். பதிமூணு முடிஞ்சா சேர்க்க மாட்டாங்க, இதுதான் சான்ஸ். கிளப்ல துப்பாக்கி பத்தாது, சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க. பொண்ணையும் கடைக்குக் கூட்டிட்டுப் போய், புடிச்சுப் பார்க்க வெச்சு, சின்னதா, லேசா எடுங்க.”

அப்பாவும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எதையுமே “சின்னதா” வாங்கும் வழக்கம் கிடையாது. யூனிஃபார்ம் என்றால் அடியில் நான்கு விரல் மடித்துத் தைத்திருக்கும். ஷூ என்றால் முனையில் துணி அடைத்திருக்கும். கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மைக்குத் தைத்த வெள்ளை கவுனில் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொண்டுதான் அக்கா பீடத்துக்கு நடந்து போனாள். “வளர்ற புள்ளைங்க” என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் பதில். பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப் போகும் பழக்கமும் இல்லை. போனால் அதைக் கேட்பார்கள், இதைக் கேட்பார்கள்.

போதாததற்கு ராயப்பேட்டையிலிருந்து பெரியப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். பாங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றவர் என்பதால், எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி சம்பந்தமாக அவர் பேச்சுக்கு மறு பேச்சில்லை.

“வாங்குறதுதான் வாங்குற, நெஜத் தோட்டா போடுற பாயிண்ட் டூ டூவா வாங்கு அருளு. காத்துத் துப்பாக்கியெல்லாம் ஒரு துப்பாக்கியா? பீச்சுல பலூன்காரன் கைல கூடத்தான் கீது.”

“அதுக்கு லைசென்ஸ் வர்றதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும்” என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

“சரி, காத்துத் துப்பாக்கியே வாங்கு. ஆனா பெருசா வாங்கு. சின்னதை வாங்கிக்கினு வந்துட்டு அடுத்த வருசம் இன்னா பண்ணுவ, அடுப்புல வெப்பியா? வளர்ற புள்ளைங்க.”

“ப்பா, நானும் வரேன்ப்பா. புடிச்சுப் பார்க்கணும்னு சார் சொன்னாருல்ல?” அக்கா அழாத குறையாகக் கேட்டாள்.

“உன் சட்டை வாங்கறப்போ நீ கூட வந்தியா? இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு?” என்று பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடையில் அவர் தோளில் வைத்துத்தான் அளவு பார்த்தார்களாம். அவருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்ததாம். பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா ஆசையோடு எடுத்துத் தூக்கினாள். கட்டை தோளுக்கு வரவில்லை, கக்கத்துக்குள் போனது. கழுத்தை நீட்டினாலும் கண் குறிக்கு எட்டவில்லை. கனம் தாங்காமல் முதுகு பின்னால் வளைய, குழாயின் முனை தரையைப் பார்த்தது. ஒவ்வொரு முறை குண்டு போடுவதற்கும் குழாயை மடக்கி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். இரண்டு கையாலும் முழங்காலில் வைத்து அழுத்தினால்தான் மடங்கும். நாலைந்து முறை செய்வதற்குள் ஆடாத அந்தக் கை ஆட ஆரம்பித்துவிடும்.

“சட்டைன்னா மடிச்சுத் தைக்கலாம். இதை எங்கேங்க மடிக்கிறது?” என்றாள் அம்மா.

கட்டையை ஆசாரியிடம் கொடுத்துக் கொஞ்சம் அறுத்துவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள். “புதுசைப் போய் அறுக்கறதா? வளந்தப்புறம் ஒட்டவா முடியும்?” என்று அப்பா மறுத்துவிட்டார். மாற்றித் தரவும் கடையில் சம்மதிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அக்கா குழாய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் போட்டுப் போட்டு மொட்டை மாடியில் அதோடு மல்லுக்கட்டினாள். நானும் தூக்கிப் பார்த்தேன், எனக்கும் கக்கத்தில்தான் இடித்தது. அவள் கக்கத்தில் நீலம் பாரித்துப்போயிருந்தது.

ஆள் எடுக்கும் நாளில் எல்லாக் குண்டும் கறுப்புக்குக் கீழேயே போய் விழுந்தன. சார் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

“யாரும்மா உனக்கு இதை எடுத்துக் குடுத்தது?”

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்காமல், “நான்தான் சார் எடுத்தேன்” என்றாள். சார் துப்பாக்கியை அப்பா கையில் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அக்காவை டீமில் எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கப்புறம்தான். வளர்ற பிள்ளை, வளர்ற பிள்ளை என்றார்களே, அக்கா வளரவே இல்லை! அந்த வருஷத்தோடு அவள் உயரம் நின்றுவிட்டது. எங்கள் அம்மா வழியில் பெண்கள் எல்லோருமே குள்ளம். அது வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான்தான் பனைமரம் போல வளர்ந்தேன். பிளஸ் டூ படிக்கும்போது அந்தத் துப்பாக்கி என் தோளுக்கு ஜம்மென்று பொருந்தியது. பொருந்தி என்ன, எனக்குத்தான் குறி தப்பும்.

இப்போது பெரியப்பா இல்லை, அப்பா இல்லை, அந்த மொட்டை மாடி இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? போன மாதம் என் மகள் ஜெனி துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டதும், அவளையும் அக்காவையும் கூட்டிக்கொண்டே கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கென்றே கட்டை குட்டையாக, கனம் குறைவாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கடைப் பையன் ஒன்றை எடுத்து நீட்டினான்.

ஜெனிக்குக் கொடுக்கும் முன் அக்கா அதை வாங்கினாள். குண்டு இல்லை என்று பார்த்து, ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பித் தோளில் வைத்தாள். கட்டை சரியாக வந்து உட்கார்ந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், வேண்டியதைவிட அதிக நேரம் அப்படியே நின்றாள். கை ஆடவே இல்லை.

“மேடம், உங்களுக்கா?” என்றான் பையன்.

“இல்லப்பா, கொழந்தைக்கு” என்று சொல்லி இறக்கி, ஜெனியிடம் கொடுத்தாள்.