மெலித்தோனாவின் மூச்சு

மக்குசானி மலைமேட்டில் மெலித்தோனாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் யாரும் இல்லை. கம்பளி வாங்க வரும் தரகர்கள் அவளைக் கண்டால் வண்டியை வேறு பக்கம் திருப்புவார்கள். கணவன் செத்த வருடம் அவள் மந்தையில் பங்கு கேட்டு வந்த கொழுந்தன், வாங்கிய வசவில் தொப்பியைக்கூட விட்டுவிட்டு ஓடினான். அந்தத் தொப்பியில்தான் அவள் நாய் படுத்துத் தூங்குகிறது.

நான் ஹசிந்தா, அவளுக்கு அடுத்த வீடு. யுரேனியம் தேடி மண்ணைத் துளைக்க வந்த கம்பெனிக்காரர்களின் முகாமில் சமையல் செய்துகொண்டிருந்தேன். இவளால் அந்த வேலை போயிற்று. அதனால் இவளைத் தூக்கிவைத்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இவள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அவளுடைய சொத்து என்றால் கம்பளிக்கு வளர்க்கும் ஒரு மந்தை அல்பாக்காவும் ஊற்று நீர் கசியும் ஓர் ஊறல் நிலமும்தான். பனிக்காலத்தில் மேடு முழுக்க வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும்போது அந்த ஊறல் மட்டும் பச்சையாக இருக்கும். பாறைப் புல்லைக் கடித்தால் அல்பாக்காவுக்குப் பல் தேய்ந்துபோகும், சினை தங்காது. ஊறல் இருந்தால் மந்தை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கம்பெனியோ அந்த ஊறலின் தலைமாட்டிலேயே யுரேனியம் இருப்பதாகக் குறி வைத்தது.

ஊர்க்கூட்டத்தில் பொறியாளர் புஸ்தமாந்தே ஓர் உலகப் படத்தை விரித்து மாட்டினார். தலைநகர் லிமாக்காரர். எங்கள் மலை உயரம் பழகாததால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் அவருக்கு. படம் நெடுக மஞ்சள் பொட்டுகள்.

"இது கஜகஸ்தான். உலகத்துல ரொம்ப அதிகமா தோண்டி எடுக்கிறது இவங்கதான். இது ஆஸ்திரேலியா, மண்ணுக்குள்ள அதிகமா வச்சிருக்கிறது இவங்க. இங்க கனடா, இங்க நமீபியா, நைஜர்." பிறகு எங்கள் மேட்டின் மேல் ஒரு புதுப் பொட்டை ஒட்டினார். "இனிமே நீங்களும் இந்தப் படத்துல இருப்பீங்க!"

ஆண்கள் கை தட்டினார்கள். மெலித்தோனா எழுந்தாள்.

"ஐயா, பொட்டு வச்ச அந்த ஊருங்கள்ல அல்பாக்கா மேய்க்கிறவ எவளாச்சும் பணக்காரி ஆயிருக்காளா?"

"அங்கெல்லாம் அல்பாக்காவே கிடையாதும்மா."

"ஐயையோ! எல்லாம் செத்துப்போச்சா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துவிட்டு, வேலை கிடைக்கும் என்று சொன்னதால் சம்மதம் என்று கையையும் தூக்கியது. அவள் மகன் ரூபினோவும் தூக்கினான். அவன் துளை இயந்திரத்தில் கையாளாகச் சேர்ந்திருந்தான். ஹூலியாக்கா நகரத்தில் வாடகை அறை, ஆறு மாதக் கர்ப்பிணி மனைவி. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கையும்தான் மேலே இருந்தது.

காகிதத்தில் எல்லாம் முடிந்தது. ஆனால் பூமித்தாயிடம் கேட்காமல் எங்கள் பக்கத்து ஆள் எவனும் மண்ணில் இரும்பை இறக்க மாட்டான். இயந்திரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். கேட்காமல் துளைத்தால் குழாய் சிக்கும், யாராவது சாவார்கள் என்று அவர்களுக்குப் பயம். புஸ்தமாந்தேயும் சரி, ஒரு காலை நேரம்தானே என்று விட்டுவிட்டார். ஆகஸ்டு மாதம், படையல் வாங்க பூமி வாய் திறந்திருக்கும் காலம்.

பூசாரி தோன் சிசிலியோ ஊறலின் தலைமாட்டில் துணியை விரித்தார். கோக்கா இலை, அல்பாக்காக் கொழுப்பு, மிட்டாய், ஒரு புட்டி ஒயின். பிள்ளைகள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் கிழியாத மூன்று இலைகளைப் பொறுக்கி அடுக்கினார். அவற்றின்மேல் மூச்சை ஊதிக் கொடுத்தால், மண்ணைத் தொடச் சம்மதித்துப் பூமித்தாயிடம் கேட்டதாக அர்த்தம்.

"இந்த இடத்துல மேய்க்கிறவதான் முதல்ல ஊதணும். வாம்மா மெலித்தோனா."

வந்தாள். சால்வையை மூக்குக்குக் கீழே இறுக்கிச் சுற்றி, பின்னங்கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள். தவறிப்போய் ஒரு பெருமூச்சு விட்டால்கூடச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று ஊருக்குக் கேட்கிற வாயை அவளே கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு மூச்சும்மா. அதுக்குமா கஞ்சத்தனம்?" என்றார் புஸ்தமாந்தே. "சரி, கொடுங்க, நானே ஊதறேன்."

"உங்களை பூமிக்கு யாருன்னே தெரியாதே ஐயா," என்றார் தோன் சிசிலியோ. பிறகு அவர் பார்வை ரூபினோவிடம் போனது. "நீ இந்த ஊறல்ல மேய்ச்சு வளர்ந்தவன். நீ ஊதலாம்."

ரூபினோ அம்மாவைப் பார்க்காமலே முன்னால் வந்து, துணிக்கு முன்னால் முட்டி போட்டு இலைகளை வாங்கினான். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போதுதான் மெலித்தோனா முடிச்சை அவிழ்த்தாள்.

"ஊதுடா. ஆனா என்ன கேக்கறோம்னு அவகிட்ட வாய்விட்டுச் சொல்லு. முணுமுணுக்காத. சொல்லணுமா வேண்டாமா, தோன் சிசிலியோ?"

"சொல்லணும்," என்றார் அவர். "சொல்லாம ஊதினா அது திருட்டு."

ரூபினோ இலைகளை வாயருகே கொண்டுபோனான். "பூமித்தாயே, நாங்க இங்க... கொஞ்சம் தோண்டப் போறோம்..."

"கொஞ்சமா?"

"முந்நூறு மீட்டர்."

"எங்க? எதுக்குப் பக்கத்துல?"

"ஊத்துக்கண்ணுக்குப் பக்கத்துல."

"தண்ணி என்ன ஆகும்? அதையும் சொல்லு. அவ கேட்டுக்கிட்டிருக்கா."

"தண்ணி..." என்று தொடங்கினான். மறுபடி, "தண்ணி..." என்றான். புஸ்தமாந்தே, "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுப்பா!" என்று கத்தினார். ஒண்ணும் ஆகாது என்று லிமாவில் சொல்லலாம். துணிக்கு முன்னால் முட்டி போட்டுக்கொண்டு, இலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளை ஒருவன் அதைச் சொல்ல மாட்டான். ரூபினோவின் கன்னம் நனைந்திருந்தது. இலைகளைத் தோன் சிசிலியோவின் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டு எழுந்தான்.

புஸ்தமாந்தே இயந்திரத்தை ஓட்டச் சொல்லிப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒருவனும் அசையவில்லை. ஓட்டுநர் தலைக்கவசத்தை இயந்திரத்தின் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனான். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அந்த வாரமே முகாமைக் கலைத்தார்கள். என் பெரிய சூப் பானை அவர்கள் லாரியில் போய்விட்டது, அது இன்னொரு எரிச்சல்.

அன்று சாயங்காலம் ரூபினோ பட்டிக்கு வந்து அம்மாவிடம் கத்தினான். "என் பொழைப்பைத் தின்னுட்டியேம்மா!"

"ஆமாடா, தின்னேன். நல்லா மென்னு தின்னேன். இன்னொரு தரம் வந்தாலும் தின்பேன்."

மறுநாள் காலை அவன் ஹூலியாக்கா வண்டியில் ஏறினான். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்த செய்திகூட என் மூலமாகத்தான் அவளுக்கு வந்தது. பெண் குழந்தை. பார்க்க வரச் சொல்லவில்லை.

கம்பெனி அடுத்த ஆகஸ்டில் வேறு பூசாரியோடு வரப்போகிறதாம். அதைச் சொல்லத்தான் நேற்று அவளிடம் போனேன். ஊறலில் முழங்கால் நனைய நின்று வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

"போதும்டி. பேத்தி முகத்தைப் பார்க்க முடியாம இப்படி அழறே. இந்தத் தரம் ஊதித் தொலைச்சிட்டுப் போயேன்."

மண்வெட்டியை நிறுத்தாமலே சொன்னாள்:

"அழுதா என்ன? அழுதுக்கிட்டே மாட்டேன்னு சொல்ல முடியாதா?"