பிளக்குக்குத் தைத்த சிவப்பு உறை

அன்றைக்கு எத்தனை கிக் அடித்தேன் என்று நான் எண்ணவில்லை. வலது கால் செருப்பின் வார் அறுந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு அடுத்த கிக் அடித்தேன். வண்டி புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் கல்யாண மாப்பிள்ளை, தோல் பதனிடும் எங்கள் டேனரியின் சின்ன முதலாளி கரீம் சாயபு. ஷெர்வானி போட்டு, முகத்தில் தொங்க வேண்டிய பூச்சரத்தைத் தூக்கிக் காதில் செருகியிருந்தார். பதினோரு மணிக்கு வாணியம்பாடியில் நிக்காஹ். நாங்கள் நின்றது ஆம்பூரில். மணி ஒன்பதே கால்.

வீட்டார், உறவுக்காரர் எல்லாரும் காலை ரயிலிலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளையையும் அதிலேயே வரச் சொன்னார் அவர் அப்பா பெரிய சாயபு. பிள்ளை கேட்டால்தானே! அந்தக் காலத்தில் ஆம்பூரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஏறிப் போய் மாமனார் வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய சாயபு கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"வண்டி ஒழுங்கா போவுமாடா?"

"முதல் கிக்குல கிளம்பும் சாயபு" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

"நேரத்துக்கு வந்து சேரலன்னா நாளையிலேர்ந்து நீ பழையபடி சுண்ணாம்புக் குழிக்குப் போய்டு" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்.

சுண்ணாம்புக் குழி என்றால் என்னவென்று இப்போது ஒர்க் ஷாப்பில் சேரும் தம்பிகளுக்குத் தெரியாது. ஆட்டுத் தோலில் முடி கழல சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்ட வேண்டும். நான் அதில் நாலு வருஷம் நின்றவன். விரல் இடுக்கெல்லாம் வெந்து போகும், சோற்றைப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை வேடிக்கை பார்த்துப் பார்த்துத் தொழில் கற்று, கையைக் காலைப் பிடித்துத்தான் இந்த வண்டி வேலைக்கு வந்திருந்தேன். மறுபடி அந்தக் குழிக்கா?

சரி, பதறாதே முனிரத்தினம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வரிசையாக ஆரம்பித்தேன். முதலில் பெட்ரோல். கார்ப்பரேட்டர் தலையில் இருக்கும் குமிழை அழுத்தினேன், பெட்ரோல் வழிந்தது. பெட்ரோல் உள்ளே போகும் ஜெட்டைக் கழற்றி ஊதினேன், சுத்தமாக இருந்தது. அடுத்தது, பெட்ரோலைப் பற்ற வைக்கப் பொறி விடும் பிளக். பிளக்கின் மேல் ஒரு சிவப்புத் தோல் உறை இருந்தது. கல்யாணத்துக்காக சீட்டு, டேங்க், ஹேண்டில் பார் எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம் போட்ட ஆட்டுத் தோலில் உறை தைத்திருந்தார் கரீம் சாயபு. தோல் அவர்கள் டேனரியுடையது, தையல் அவர் கையுடையது. இந்தக் குட்டி உறையின் ஓரத்தில் குஞ்சம்கூடத் தொங்கும்.

உறையை அவிழ்த்து பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, இன்ஜின் தலைமேல் படுக்க வைத்தேன். கரீம் சாயபுவைக் கிக் அடிக்கச் சொன்னேன். படீரென்று நீல நிறத்தில் நல்ல பொறி!

"வந்துடுச்சு சாயபு!" என்று கத்தினேன். பிளக்கை மாட்டி இறுக்கினேன். உறையைப் போட்டேன்.

"முடிச்சு கெட்டியா போடு. ரோட்டுல உழுந்துடப் போவுது" என்றார்.

கெட்டியாக முடிச்சுப் போட்டுக் கிக் அடித்தேன். புஸ்.

மறுபடி கழற்றினேன். பொறி வந்தது. மாட்டினேன். புஸ். வேறு பிளக் போட்டேன். வெளியே வைத்தால் பொறி பறக்கிறது, உள்ளே போனால் வண்டி செத்துக் கிடக்கிறது. பிளக்குக்குக் கரண்ட் தரும் மேக்னெட்டோவைத் திறந்து பாயிண்டை எமரித் தாளால் தேய்த்தேன். அதற்கும் மசியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரில் ஜட்காக்காரர் காசி பீடி பிடித்துக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தார். "சாயபு, நம்ம குதிரைக்குப் பிளக்கும் கிடையாது, ஜெட்டும் கிடையாது. ஏறிக் குந்துங்க, பன்னண்டுக்குள்ள கொண்டுபோய் சேத்துடறேன்."

"பன்னண்டுக்குப் போயி இன்னா செய்றது? நிக்காஹ் ஓதற காஜி சாயபுவுக்கு திருப்பத்தூர்ல இன்னொரு நிக்காஹ் இருக்குதுய்யா. பதினொண்ணரைக்கு எழுந்துடுவாரு" என்றார் கரீம் சாயபு. என்னைப் பார்த்து, "தள்ளிப் பாக்கலாமா முனிரத்தினம்?" என்றார்.

தள்ளினோம். பூச்சரம் ஆட மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சிரித்துக்கொண்டே காசி பின்னால். ரயில்வே கேட் வரைக்கும் ஓடித் திரும்பியும் ஒரு இருமல்கூட வரவில்லை. மணி பத்தேகால்.

"கடைசியா ஒரு தடவ சாயபு. நீங்க கிக் அடிங்க" என்று சொல்லி, வயர் ஆடுகிறதா என்று பார்க்க உறையைக் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் அடித்தார். தோள்பட்டை வரைக்கும் ஷாக் அடித்து ரோட்டில் விழுந்தேன்.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். நான் பிடித்தது வயரை இல்லை, தோலை. தோல் ஷாக் அடிக்குமா? ராத்திரி மழையில் வண்டி வெளியே நின்றதால் உறை ஈரம்தான். ஆனால் வெறும் ஈரத்துக்கு இவ்வளவு வேகம் இருக்காது. எழுந்து உறையை அவிழ்த்தேன், அதன் உள்பக்கத்தை நாக்கில் வைத்தேன்.

"சீ! இன்னாடா செய்ற?" என்று கத்தினார் கரீம் சாயபு.

கரித்தது. நன்றாகவே கரித்தது. டேனரிக்கு வரும் தோல் எல்லாம் உப்புப் போட்டுத்தான் வரும். முதல் வேலையே அதை ஊறவைத்து அலசி உப்பை எடுப்பது. உப்புப் போய்விட்டதா என்று தோலை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் குழிக்காரர்கள் பழக்கம். இது கல்யாண அவசரத்தில் சரியாக அலசாமல் பதனிட்ட தோல். உப்பும் ஈரமும் சேர்ந்ததால் கரண்ட் பிளக்குக்குள் போகாமல் உறை வழியாகவே இன்ஜினுக்கு ஓடியிருக்கிறது. பொறி பார்க்கும்போதெல்லாம் நான் உறையைக் கழற்றிவிட்டுத்தானே பார்த்தேன்! குற்றவாளியை நானே வெளியே அனுப்பிவிட்டு, விசாரணை முடிந்ததும் மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

பிளக்கைத் துடைத்தேன். உறையில்லாமல் ஒரே ஒரு கிக். தடதடவென்று வண்டி உறுமியது! காசியின் குதிரை மிரண்டு முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. நான் ரோட்டிலேயே குதித்தேன். கரீம் சாயபு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஷெர்வானியெல்லாம் கிரீஸ்.

பெங்களூர் ரோட்டில் அவர் ஓட்ட, நான் பின்னால் தொத்திக்கொண்டேன். பாதித் தூரம் சந்தோஷம் தாங்கவில்லை. மீதித் தூரம் பயம் பிடித்துக்கொண்டது. ரோடு முழுக்கச் சேறு, போய்ச் சேரும்போது எப்படியும் பதினொன்று தாண்டிவிடும். பெரிய சாயபு கேட்பார். நான் என்ன சொல்வது? சம்பந்தி வீட்டாரும் தோல் வியாபாரிகள். உங்கள் தோலில் உப்பு நிற்கிறது என்று அத்தனை வியாபாரிகள் நடுவில் ஒரு வேலைக்காரன் சொல்ல முடியுமா? டேனரியின் பேரே போய்விடும். வாயை மூடிக்கொண்டு குழிக்குப் போக வேண்டியதுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

நாங்கள் இறங்கும்போது பதினொன்றே கால். காஜி சாயபு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சாயபு நேராக என்னிடம் வந்தார்.

"முதல் கிக்குல கிளம்பும்னியேடா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"அவன் மேல தப்பில்லப்பா" என்றார் கரீம் சாயபு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "பிளக்குக்கு நான் ஒரு உறை தெச்சேன். நம்ம தோலு. சரியா அலசல, உப்பு அப்படியே நிக்குது. வண்டி அதுனாலதான் கிளம்பல. இவன்தான் நாக்குல வச்சிப் பாத்துக் கண்டுபிடிச்சான்."

பெரிய சாயபுவின் முகம் சிவந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் மெதுவாக எழுந்து வந்து மாப்பிள்ளையின் காதிலிருந்து பூச்சரத்தை எடுத்து முகத்தில் தொங்கவிட்டார்.

"தன் சரக்குல குறைன்னு வியாபாரி எவன் சொல்வான்? என் பொண்ணுக்கு இது போதும். காஜி சாயபு, ஆரம்பிங்க" என்றார்.

நான் குழிக்குப் போகவில்லை. தம்பிகளே, எதைக் கழற்றிவிட்டுச் சோதனை செய்கிறீர்களோ அதையும் சந்தேகப்படுங்கள். தொழிலில் எனக்கு அன்று கிடைத்த பாடம் அது. கரீம் சாயபுவிடம் அன்று பார்த்த மற்றதை எந்த ஒர்க் ஷாப்பிலும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். அந்த வண்டியை அதற்கப்புறம் பதினோரு வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ தடவை மக்கர் செய்திருக்கிறது. ஒரு தடவைகூடக் கரீம் சாயபு "நீ இன்னா செஞ்ச?" என்று என்னைக் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "நாம இன்னா செஞ்சோம், முனிரத்தினம்?" என்றுதான் கேட்பார்.