மதினியின் காஷ்மீர்க் கம்பளம்

பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் அந்தச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு மம்சாபுரம் வீட்டுக்குள் நுழைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவிழ்த்து விரித்ததும் கூடத்தின் சிமெண்டுத் தரை மறைந்தது. கருஞ்சிவப்பில் பச்சைக் கொடிகள். பாயும் ஜமுக்காளமும் மட்டுமே அறிந்த எங்கள் தெரு, வாசலில் கூடி நின்று பார்த்தது.

"ஏலே, இந்த வெயிலுக்குக் கம்பளியவா தூக்கிட்டு வந்திருக்கே?" என்று அம்மா சிரித்தாள்.

காஷ்மீரில் பனிக்காலத்துத் தரையில் கால் வைக்க முடியாது, வீடு முழுக்கக் கம்பளம்தான், உண்பதும் கதை பேசுவதும் அதன் மேல்தான் என்றான் அண்ணன். ஒவ்வொரு முடிச்சையும் கையால் போட்டு மாதக்கணக்கில் நெய்வார்களாம். புதுப்பெண்ணான மதினி அதன் மேல் வெறுங்காலோடு மெல்ல நடந்து பார்த்தாள். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு அண்ணன் ரயிலேறினான்.

ஊர் உறங்கும் மத்தியானங்களில் மதினி கம்பளத்தை விரித்துக் குப்புறப் படுத்திருப்பாள். "வேர்க்கலையா மதினி?" என்று ஒருநாள் கேட்டேன். "வேர்க்கத்தான் செய்யுது. செத்த நேரம் கெடக்கேன்" என்றாள்.

ஜம்முவில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மதினி பெட்டி கட்டிய அதே வாரத்தில் அம்மாவுக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்துவிட்டது. அப்பா இல்லாத வீடு. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மதினியை இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகவே பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். வழவழத்த தரையில் காலூன்ற அம்மா பயந்தபோது, கட்டிலை ஒட்டிக் கம்பளத்தை விரித்தாள்.

"இதுல வழுக்காது அத்தை, என் தோளப் பிடிங்க."

கஞ்சியும் கஷாயமும் சிந்திப் பச்சைக் கொடிகள் கறுத்துப்போயின. "எம்புட்டு ஆசையா வாங்கியாந்தான், வீணாக்கிட்டேனே" என்று அம்மா அழுவாள். "நடக்கத்தானே அத்தை விரிச்சிருக்கு" என்பாள் மதினி.

அம்மா தானாக வாசல்வரை நடந்து வந்தபோது, அண்ணனின் படைப்பிரிவு குடும்பம் போக முடியாத எல்லைப்பகுதிக்கு மாறியிருந்தது. பிறகு பிள்ளைகள், அவர்கள் படிப்பு. ஓய்வு பெற்று வந்த அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் காவல் வேலை பார்த்தான். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

சென்ற மாதம் மதினி என் வீட்டுக்கு வந்திருந்தாள். டைல்ஸ் தரையில் நான் போட்டிருக்கும் கடைக் கம்பளத்தின் மேல் வெகுநேரம் நின்றாள். மெஷினில் நெய்தது என்றாலும் பாதத்துக்கு இதமாகத்தான் இருக்கும்.

"என் மகன் டெல்லியிலதான் இருக்கான். காஷ்மீருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவமா மதினி?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அந்த ஊரப் பாக்கவா ஆசப்பட்டேன்? அங்க உங்க அண்ணன் இருந்தாவ."